பயம் பிறவிக்குணம் அல்ல

1995-இல் சேலம் மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில், மற்ற சாதிப் பிள்ளைகளுக்கென வைத்திருந்த பானையில் தலித் சிறுமி ஒருத்தி தண்ணீர் குடித்தாள். ஆசிரியர் அடித்ததில் ஒரு கண் பார்வை போனது. கண் காயம் செய்தியானது. இப்படிப்பட்ட அடி உடம்புக்குள் இறக்கும் பயத்தை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

பயந்தால் உடம்பில் கார்டிசால் சுரக்கும். ஆபத்து நீங்கியதும் மூளை அதை அடக்கும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே சிஃப் குழுவினர் 2004-இல் எலிகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். தாய் அதிகம் நக்கி அரவணைக்காத குட்டிகளில், கார்டிசாலை அடக்க உதவும் மரபணுவின் மேல் மெத்தில் என்னும் வேதிக்குறி கூடுதலாக ஒட்டியிருந்தது. மரபணு மாறவில்லை, அதன் வேலைதான் குறைந்தது. வளர்ந்த பிறகும் அவை எளிதில் மிரண்டன. அரவணைக்கும் தாயிடம் மாற்றி வளர்த்த குட்டிகளுக்கு அந்தக் குறி குறைந்தது.

சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகி, பின்னாளில் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையிலும் இதே மரபணுவில் இத்தகைய குறிகள் இருப்பதை 2009-இல் அதே பல்கலைக்கழகத்தார் கண்டனர். மனிதர்களிடம் ஆய்வு இன்னும் தொடர்கிறது.

‘இவன் பயந்தாங்கொள்ளி’, ‘இவளுக்கு முன்கோபம்’ என்று நம் பிள்ளைகளைப் பிறப்பில் வைத்துச் சொல்வது சாதியின் பழைய பொய். மரபணுவின் பெயரால் அதைப் புதுப்பிக்க நாம் விடக்கூடாது. குறை பிள்ளையிடம் இல்லை, சூழலில் இருக்கிறது. சூழலை மாற்ற முடியும்.

பள்ளிகளில் சாதியை ஒழிக்க நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகள் சேலம், நாமக்கல் வகுப்பறைகளுக்கு வந்து சேர வேண்டும். அச்சமில்லாத பள்ளி நம் பிள்ளைகளின் உடல்நலத்துக்கான உரிமை.