மருந்து உண்டு, தடை எது?

வருமுன் காத்தல் சிறந்தது என்பதை அனைவரும் ஒப்புவர். எச்.ஐ.வி. கிருமிக்கு எதிராகவும் அத்தகைய காப்பு ஒன்று உண்டு. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரையே அது. கிருமி தொற்றாத ஒருவர் அதை முறையாக உட்கொண்டுவந்தால், உடலிற் புகும் கிருமி பெருகி நிலைபெறாதவாறு தடுக்கும். மருத்துவர்கள் இம்முறையைப் 'பிரெப்' என்பர். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு இதனை உலக சுகாதார நிறுவனம் 2014-ல் பரிந்துரைத்தது. ஆயினும், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உடைய ஆண்களுள் பலர் இதனை நாடுவதில்லை. தொடங்கியோரிலும் சிலர் இடையே விட்டுவிடுகின்றனர். காரணம் என்ன?

2010-ல் வெளியான 'ஐபிரெக்ஸ்' ஆய்வு இதனை நன்கு விளக்குகிறது. பெரு, பிரேசில், தாய்லாந்து உள்ளிட்ட ஆறு நாடுகளில், ஆண்களும் திருநங்கையருமாக 2,499 பேர் அதிற் பங்குகொண்டனர். வெற்று மாத்திரை பெற்றோரைவிட, மருந்து பெற்றோரிடையே தொற்று நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. குருதியில் மருந்து காணப்பட்டோரிடமோ பாதுகாப்பு இதனினும் மிக உயர்ந்திருந்தது. பெற்ற மருந்தைப் பலர் ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்பதே இதன் பொருள்.

தடைகள் பல. "எனக்கு வாராது" என்னும் எண்ணம் ஒன்று. செலவும், தொடக்கத்திற் சிலருக்கு உண்டாகும் குமட்டலும், மூன்று திங்களுக்கு ஒருமுறை செய்யவேண்டிய பரிசோதனையும் வேறு சில. இவற்றினும் பெரிது நாணம். இம்மருந்துகள் நோய்ச் சிகிச்சைக்கும் பயன்படுவதால், காண்போர் தம்மை நோயாளி என எண்ணுவரோ என்று அஞ்சுகின்றனர். மருத்துவரிடம் மனம் திறந்து பேசவும் தயங்குகின்றனர்.

மும்பையிலோ தில்லியிலோ ஓரறையில் நால்வராக வாழும் நம் இளைஞருக்கு இத்தடை இரட்டிப்பாகிறது. மறைத்துவைக்க இடமில்லை, மருத்துவரிடம் அந்தரங்கத்தை அயல்மொழியிற் சொல்லவேண்டும். ஒத்த பாலினத்தார் இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒருவரது தொற்று நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்னும் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே திங்களில் நடைமுறைக்கு வந்தது. இவற்றை அறிந்தால் அச்சம் ஓரளவு தணியும்.

இம்மருந்தைத் தாமாகத் தொடங்குதல் கூடாது. முதலிற் குருதிப் பரிசோதனை வேண்டும். முன்னரே தொற்று இருப்பின், இவ்விரு மருந்துகள் மட்டும் போதா. கிருமியும் மருந்துக்கு மசியாததாகிவிடக்கூடும். சிறுநீரகத்தையும் சோதிக்கவேண்டும். பிற பால்வினை நோய்களை இது தடுக்காது. ஆதலால் ஆணுறையைக் கைவிடலாகாது. ஐயமுடையோர் 1097 என்னும் எண்ணிற் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

நம்முடன் தங்கியிருக்கும் நண்பரின் பெட்டியில் இம்மாத்திரையைக் காண நேர்ந்தால், வினவாமலும் பிறரிடம் கூறாமலும் இருத்தல் நம் கடமை. அவர் நாளையும் அதனை அச்சமின்றி உட்கொள்ள அது துணை செய்யும்.