ஏட்டிலே பெயர் ஏறினால் போதுமா?

காது குத்துவதும் மூக்குக் குத்துவதும் பழைய வழக்கம். புருவம், நாக்கு, உதடு, தொப்புள் என்று குத்தி அணி பூட்டுவது இக்கால நாகரிகம். குத்திக்கொள்ளலாமா கூடாதா என்பது அவரவர் விருப்பம். அதிலே நாம் தலையிடவில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு குத்துகிற ஊசிக்குக் காவல் யார்? அதைக் கேட்பது நம் கடமை.

ஆபத்து என்ன? காதின் தொங்கு சதையிலே குத்தினால் புண் விரைவில் ஆறும். மேல்மடலோ குருத்தெலும்பு. அதற்கென்று இரத்தக் குழாய் கிடையாது. போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம். அங்கே கிருமி புகுந்தால் சீழ் கட்டும், குருத்து அழியும், காது சுருங்கிப்போகும். நாக்கிலே குத்தினால் வீக்கம்; நாளடைவில் உலோகம் மோதிப் பல் உடையும்.

இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத பகைவன் இரத்தத்திலே வருகிறான். பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். துடைத்து வைத்த ஊசி தூய ஊசி ஆகாது! ஒருவருக்கு ஒரு புது ஊசி வேண்டும். மற்றக் கருவிகளை நீராவி அழுத்தக் கலத்திலே வேகவைக்க வேண்டும். பிளாஸ்டிக் துப்பாக்கியோ அந்த வெப்பத்தைத் தாங்காது.

பிரிட்டனைப் பார்ப்போம். காது குத்துவோரை உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்ய 1982-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2003-ம் ஆண்டுச் சட்டம் அழகுக்காக உடலில் எங்கே குத்தினாலும் பதிவு வேண்டும் என்று அதை விரித்தது. தூய்மைக்கு விதிகள் உண்டு. மீறினால் அபராதமும் உண்டு. ஆனால், முன்பு குற்றத்துக்காகப் பதிவு நீக்கப்பட்டவர் நீங்கலாக, மனுப் போட்டுக் கட்டணம் கட்டியவரை மன்றம் பதிந்தே தீரவேண்டும். தொழில் தெரியுமா? கேள்வி இல்லை. கிருமியைப்பற்றித் தெரியுமா? தேர்வு இல்லை. பெயர் ஏறிற்று, கடை திறந்தது!

விளைவு? வேல்சின் நியூபோர்ட் நகரிலே ஒரு கடையில் குத்திக்கொண்டவர்கள் கடும் தொற்றோடு மருத்துவமனை சேர்ந்தார்கள். 2015-ல் அக்கடைக்குப் போனவர்களையெல்லாம் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்க நேர்ந்தது. அழைத்த சுகாதார வாரியம் யார் பெயரைத் தாங்கியது? அனைரின் பெவன் பெயரை! சுரங்கத் தொழிலாளியாயிருந்து அமைச்சராகி, 1948-ல் ஏழைக்கும் இலவச மருத்துவம் தந்தவர் அவர். இலாபம் கடைக்கு, செலவு மக்களுக்கு! இதுவா நீதி?

வேல்ஸ் பாடம் கற்றது. 2017-ல் சட்டம் செய்து, 2024 நவம்பர் 29 முதல் அமலாக்கியது. குத்துபவருக்கு உரிமம், இடத்துக்குச் சான்று, தொற்றுத் தடுப்பிலே தேர்ச்சி, மூன்றாண்டுக்கொரு புதுப்பிப்பு - இவை இன்று கட்டாயம்.

சிறுகடைக்காரர் பிழைப்புக் கெடாதா என்பார்கள். ஊசி தவறினால் முதலிலே குத்துப்படுவது யார் விரல்? அந்தத் தொழிலாளியின் விரல்! பயிற்சியும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் அவருக்கும் கவசமே.

நம் நாட்டிலே? 2024 டிசம்பரில் திருச்சியில் பச்சை குத்தும் கடையொன்றிலே நாக்கைப் பிளந்தார்கள். பிறகுதான் கைது, பிறகுதான் கடைக்குப் பூட்டு. நாக்கு அறுந்தபின் வருகிற சட்டம் யாரைக் காக்கும்?

தோழர்களே! மகளைக் கடைக்கு அழைத்துச் செல்லும்போது கேளுங்கள்: ஊசி புதிதா? உறையை என் கண் முன்னே பிரிப்பாயா? கருவியை எதிலே வேகவைக்கிறாய்? அரசையும் கேளுங்கள்: ஏட்டிலே பெயர் மட்டும் போதாது, கற்றவர் கையிலே மட்டும் ஊசியைக் கொடு!