கணினி மெதுவானால் முதலில் பார்க்க வேண்டியது

தோட்டச் சம்பள நாளில் கடை நிறைய ஆட்கள் நிற்க, பில் போடும் கணினி அசையாமல் நிற்பது பதுளை, பசறைப் பக்க வியாபாரிகளுக்குப் பழகிய தலைவலி. புதிது வாங்க அவசரப்படாதீர்கள். நான் முதலில் திறப்பது டாஸ்க் மெனேஜரை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'டிஸ்க்' எந்நேரமும் 100 வீதத்தில் நின்றால், பெரும்பாலும் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் வாசிக்கும் வேகம் சில மடங்கு கூடும். 'மெமரி' நிரம்பியிருந்தால் மட்டும் ராம் கூட்டுங்கள்.

கை வைக்குமுன் கடன் கணக்கைப் பிரதி எடுத்துவிடுங்கள். அது அழிந்தால் எதைக் காட்டிக் கடனைக் கேட்பது?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. 11ஐ ஏற்காத கணினியை இணையத்தில் இணைக்காமல் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.