சங்கும் திருக்காப்பும்

திருச்சிராப்பள்ளியின் தொழில் வரலாறு, வேலை நேரத்துக்கு எல்லை வகுத்த வரலாறாகவும் வாசிக்கத் தக்கது. நாகப்பட்டினத்திலிருந்து பெயர்க்கப்பட்டு 1928இல் பொன்மலையில் நிலைகொண்ட ரயில்வே பணிமனையும், திருவெறும்பூரில் 1965இல் எழுந்த பெல் கொதிகலன் ஆலையும், அதை அடுத்து வந்த துப்பாக்கித் தொழிற்சாலையும், சங்கு ஊதினால் வேலை தொடங்கும், மீண்டும் ஊதினால் வேலை முடியும் என்ற ஒழுங்கைச் சில தலைமுறைக் குடும்பங்களின் அன்றாடத்தில் ஆழப் பதித்தன. அந்த ஒழுங்கு நிர்வாகங்களின் கருணையால் வந்ததன்று. பணிமனை இடம்பெயர்ந்த காலத்தில் ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும், 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் ஐந்து தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த நிகழ்வும், உழைப்பவரின் கண்ணியம் என்ன விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதைக் காட்டுவன. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், வயதுவந்த தொழிலாளியிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாக வேலை வாங்கலாகாது என்றும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்றும் வகுத்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவது சரியாகாது. உலையின் வெப்பமும், செவியை மழுங்கடிக்கும் சம்மட்டி ஓசையும், முறை மாறி வரும் இரவு ஷிப்டால் குலைந்த உறக்கமும் அந்தத் தலைமுறையின் உடலில் தழும்புகளாக நிற்கின்றன. ஆயினும் அதற்கு ஒரு பெரும் நன்மை இருந்தது: வேலை எப்போது முடிகிறது என்பது தொழிலாளிக்கும் தெரியும், மேற்பார்வையாளருக்கும் தெரியும், வீட்டில் காத்திருப்பவருக்கும் தெரியும். கூடுதலாக உழைத்தால் அதற்கு 'ஓ.டி.' என்ற பெயரும் கூலியும் உண்டு. பெயரும் கணக்கும் உள்ள உழைப்பு, அளவு மீறும்போது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் தட்டிக் கேட்கலாம்.

இன்று நவல்பட்டு எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கோ, நகரின் வங்கிக் கிளைகளுக்கோ, தனியார் மருத்துவமனைகளுக்கோ செல்லும் இளைஞருக்கு அந்தச் சங்கு இல்லை. அலுவலகம் விட்டு அவர் வெளியேறுவார். ஆனால் டார்கெட் கேட்கும் வாட்ஸ்அப் குழுவும், கடல் கடந்த வாடிக்கையாளரின் பகல் நேரத்தில் நடக்கும் இணையவழிக் கூட்டமும் அவருடன் வீட்டுக்கு வரும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ இரவு உணவுக்கு அமர்ந்திருப்பவர், உடலால் வீட்டிலும் மனத்தால் அலுவலகத்திலும் இருக்கும் நிலை பலருக்கு இயல்பாகிவிட்டது. பெண்களுக்கு இச்சுமை இரட்டிப்பு. வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை ஏற்கும் அதே கையால்தான் மறுநாள் காலைக்கு மாவும் அரைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வாறு நாட்பட்ட பணி அழுத்தம் உரிய முறையில் தணிக்கப்படாதபோது தோன்றும் நிலையை ஆங்கிலத்தில் 'பர்ன்-அவுட்' என்பர். எரிந்து தீர்தல் என்று தமிழில் சொல்லலாம். நியூயார்க்கில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இச்சொல்லைத் துறைச் சொல்லாக்கினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் முறையை வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: ஆற்றல் வற்றிப்போன களைப்பு, வேலையின்மீது ஏற்படும் வெறுப்பு அல்லது விலகல், தன் திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு. இதை நோய் என்று அந்நிறுவனம் வகைப்படுத்தவில்லை, பணி சார்ந்த நிகழ்வு என்றே குறித்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் இது தனிமனிதரின் மனவலிமைக் குறைவால் மட்டும் வருவதன்று, வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தால் வருவது என்பது அதில் அடங்கியிருக்கிறது. மனச்சோர்வு நோய் இதிலிருந்து வேறானது. அது வேலையோடு நில்லாமல் உறக்கம், பசி, உறவு, வாழும் விருப்பம் ஆகிய யாவற்றையும் பற்றிப் படரும். அதற்கு மருத்துவம் தேவை. தீர்க்கப்படாத முதல் நிலை இரண்டாவதற்கு வழிவிடக்கூடும் என்பதால், இரண்டையும் 'சும்மா டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது ஆபத்து.

மிகை உழைப்பு உடலையும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல். இந்த எண்கள் வெளிவந்த பின்னரும், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இலும், 90 மணி நேரம் என்று 2025இலும் இந்தியத் தொழில்துறையின் தலைமையிலிருந்து குரல்கள் எழுந்தன. நாட்டுப்பற்றாக முன்வைக்கப்பட்டாலும், அக்கருத்து மனித உடலின் இயல்புக்கு முரணானது, ஏற்கத் தக்கதன்று.

உயர்ந்த குறிக்கோளுக்கு எல்லையற்ற வேலைநேரம்தான் வழி என்பதையும் இந்த ஊரின் மைந்தர் இருவர் வாழ்க்கை மறுக்கிறது. திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1907 முதல் பத்தாண்டுகள் நிதித்துறை அதிகாரியாக இருந்தபோது, கல்கத்தாவில் அலுவலகம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் குறைந்த ஊதியம் என்றறிந்தே பேராசிரியர் பதவியை ஏற்று, தமக்கு உயிரான பணிக்கு முழு நேரத்தையும் கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றியபடியே நாவல்களும் சிறுகதைகளும் எழுதிக் குவித்தார். இருவரும் அசாதாரண உழைப்பாளிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடுதல் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். மாலையில் மூடப்படும் அலுவலகம் இருந்ததால்தான் அந்தத் தீர்மானம் கைகூடியது. ராமனின் தொடக்ககால ஆய்வுகளும் சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளும் ஒரு வகையில் அலுவலகக் கதவு நேரத்துக்கு மூடியதால் கிடைத்த செல்வங்கள்.

கோயில் நடை சாத்துவதை 'திருக்காப்பிடுதல்' என்று வைணவ மரபு சொல்லும். மூடுவதற்கும் காப்பதற்கும் ஒரே சொல்லைக் கண்ட அம்மரபின் நடுவே, பள்ளிகொண்ட பெருமாளின் ஊரில், மனிதருக்கு மட்டும் காப்பிடும் நேரம் இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

மனநலத்தைப் பொறுத்தவரை திருச்சிக்குத் தமிழகத்தில் ஒரு முன்னோடி இடம் உண்டு. கர்நாடகத்தின் பெல்லாரியில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 1980களில் நடத்திப் பார்த்த முறையைப் பின்பற்றி, மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அதற்கு முதலில் தேர்வான மாவட்டம் திருச்சி, ஆண்டு 1997. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழு, பெருநகர மருத்துவமனைக்கு நோயாளி வரட்டும் என்று காத்திராமல், மாவட்டத்துக்குள்ளேயே சிகிச்சையைக் கொண்டுசெல்வதும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி அளிப்பதும், மருந்தை இலவசமாக வழங்குவதும் இத்திட்டத்தின் சாரம். மனநோய் என்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று மட்டுமே எண்ணியிருந்த மக்களுக்கு இது பெரும் மாற்றம்.

எனினும், முற்றிய மனநோய்க்குச் சிகிச்சை பெறத் தயங்காத குடும்பம்கூட, கைநிறையச் சம்பாதிக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஆலோசனை தேவை என்பதை ஏற்பதில்லை. வரன் பேசும்போது தடையாகும் என்ற அச்சமும், மேலாளருக்குத் தெரிந்தால் பதவி உயர்வு போய்விடும் என்ற அச்சமும் கதவை அடைக்கின்றன. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்திய வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உள்ளதாகவும், பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது. இந்த அச்சங்களுக்கு எதிரான பாதுகாப்பைச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களைக் கமுக்கமாக வைத்திருக்கும் உரிமையை அளிக்கிறது. உடல்நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கும் ஊழியர், தமது பாலிசியில் இது எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டறிவது நல்லது.

சட்டம் எதுவாயினும் வேலை நேரத்தின் எல்லையைக் காப்பது பொதுமக்களின் விழிப்பே. தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால், அடுத்து வந்த மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சங்கமே இல்லாத அலுவலகங்களில் அத்தகைய எதிர்ப்புக்கு வாயில்லை. பிரான்ஸ் 2017 முதலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பின் வரும் அலுவலக அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமையைச் சட்டமாக்கியுள்ளன. இந்திய நாடாளுமன்றத்தில் 2018இல் தனிநபர் மசோதாவாக வந்த அதே கருத்து சட்டமாகவில்லை.

பஞ்சப்பூரில் டைடல் பூங்கா அமையும் இந்நாளில், திருச்சியின் புதிய நிறுவனங்கள் அச்சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணியாணையில் ஊதியத்தை எழுதுவதுபோல, எந்த நேரத்துக்குப் பின் அழைப்பு வராது என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். வேலையில் சேர்வோர் அதைக் கேட்டு வாங்கட்டும். களைப்பு ஓய்வில் தீராமல், உறக்கமும் உயிர்ப்பற்றும் குன்றத் தொடங்கிவிட்டவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.