சாண் அகலப் பூச்சி சுவரில் உட்கார்ந்திருக்கிறதா? மருந்து டப்பாவைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து, மழை பெய்து ஓய்ந்த நாட்களில் ஒரே மாதிரியான படம் எங்களுக்கு வரும். மோட்டார் ரூம் விளக்குக்குக் கீழே, சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு இறக்கையை விரித்தபடி ஒரு பூச்சி. கூடவே ஒரு கேள்வி: "எலுமிச்சையைத் துளைக்கிற பூச்சி இதுதானா சார், என்ன மருந்து அடிக்கலாம்?"

அது அட்லஸ் அந்துப்பூச்சி. காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று. கேரளத்தில் நாகசலபம் என்கிறார்கள். உங்கள் பழத்தை அது தொடவே தொடாது. தொட அதற்கு வாய் கிடையாது. கூட்டை விட்டு வெளியே வந்த பிறகு எதையும் தின்னாமல், புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும்.

அடையாளம் காண்பது சுலபம். செம்பழுப்பு நிற இறக்கை. ஒவ்வோர் இறக்கையிலும் கருப்பு ஓரம் கட்டிய முக்கோணம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் செதில் இல்லாததால் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் வெளிச்சம் ஊடுருவும். முன் இறக்கையின் நுனி வளைந்து, பக்கவாட்டில் பார்த்த பாம்புத் தலைபோல் தெரியும். விஷம் என்று பயப்படுவது இதனால்தான். விஷமும் இல்லை, கொடுக்கும் இல்லை. பறவைகளை மிரட்டும் வேஷம் அவ்வளவுதான். உணர்கொம்பு அகலமான இறகுபோல் இருந்தால் ஆண். கொம்பு ஒடுங்கி, வயிறு பருத்திருந்தால் பெண்.

இணையத்தில் தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளில் உள்ள 'அட்டாகஸ் அட்லஸ்' இனத்துடையவை. நம் மலைகளிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய உறவான 'அட்டாகஸ் தப்ரோபேனிஸ்'. தப்ரோபேன் என்பது இலங்கைக்குக் கிரேக்கர்கள் வைத்த பழைய பெயர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும்.

இதன் உறவுக்காரர்களும் விளக்குக்கு வருவதுண்டு. முக்கோணத்துக்குப் பதில் வட்டமான கண் புள்ளி இருந்தால் டசர் பட்டு வகை. வெளிர் பச்சை நிறமும் நீண்ட வாலும் இருந்தால் நிலா அந்துப்பூச்சி. ஆமணக்கு, மரவள்ளி இலை போட்டு வளர்க்கிறோமே எரி பட்டுப்புழு, அதுவும் இதே குடும்பம்தான். இவை எவற்றின் தாய்ப்பூச்சியும் பழத்தைத் துளைக்காது.

அப்படியானால் எலுமிச்சை, ஆரஞ்சு, மாதுளையைக் கெடுப்பது யார்? பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. அட்லஸில் பாதி அளவுகூட இருக்காது. முன் இறக்கை காய்ந்த சருகுபோல் இருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தால் பின் இறக்கை ஆரஞ்சு மஞ்சளில், கருப்பு வளைவுக் குறியோடு பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்த பிறகு வந்து உறுதியான ஊசிக் குழலால் பழத்தைக் குத்தும். குத்திய இடத்தில் ஊசித் துளை. அழுத்தினால் சாறு கசியும். பிறகு சுற்றிலும் அழுகிப் பழம் உதிரும். இந்த அறிகுறி இருந்தால், சுவரில் உட்கார்ந்திருக்கும் பெரிய பூச்சியை அடித்துப் பயனில்லை. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் புதையுங்கள். வேலியில் படர்ந்திருக்கும் சீந்தில் கொடியை அகற்றுங்கள். இந்தப் பூச்சியின் புழு வளர்வது அந்தக் கொடியில்தான். மரங்கள் கொஞ்சமாக இருந்தால் பழங்களுக்குப் பை கட்டுவதுதான் நல்ல வழி.

அட்லஸின் புழு இலை தின்னும், அதை மறைக்க வேண்டியதில்லை. இலவங்கப்பட்டை, கொய்யா, எலுமிச்சை வகை, சீத்தா எல்லாம் அதற்குப் பிடிக்கும். நீலம் கலந்த வெளிர் பச்சை உடம்பு, மேலே வெள்ளை மாவு பூசியது போன்ற படலம், சதைப்பற்றான முட்கள். முற்றிய புழு நடுவிரலைவிட நீளமாக இருக்கும். முட்களைப் பார்த்துப் பதற வேண்டாம். முருங்கைக் கம்பளிப்புழு மேலே பட்டதுபோல் அரிக்காது. வளர்ந்த மரத்தில் நாலைந்து புழு இருந்தால் விட்டுவிடலாம். ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் பறவைகளும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். புதிதாக நட்ட கன்று என்றால் கதை வேறு. ஒரு புழுவே கன்றை மொட்டையடித்துவிடும். கன்றின் அடியில் மிளகைவிடப் பெரிய எச்ச உருண்டைகள் கிடந்தால் நேர் மேலே தேடுங்கள், புழு அங்கே இருக்கும். காம்போடு வெட்டி எடுத்துக் காட்டோர மரத்தில் விட்டால் முடிந்தது வேலை. இதற்கென்று தோட்டம் முழுக்கப் பூச்சிக்கொல்லி தெளித்தால், மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் தின்று கொண்டிருக்கும் பொறிவண்டுகள்தான் முதலில் சாகும். அடுத்த மாதம் அந்தப் பூச்சிகளுக்கு நீங்கள் இன்னொரு மருந்து வாங்க வேண்டியிருக்கும்.

இலைகளைச் சுற்றி நெய்த பழுப்பு நிறக் கூடு கிடைத்தால் விற்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். மல்பெரி பட்டுபோல் ஒரே இழையாக இதை நூற்க வராது. பஞ்சுபோல் திரித்துத்தான் நூலாக்க வேண்டும். இதற்கு இங்கே சந்தை இல்லை. கூட்டை அப்படியே கிளையில் விட்டுவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் படம் அனுப்புங்கள். இறக்கை முழுதும் தெரியும்படி நேர் மேலிருந்து ஒன்று, உணர்கொம்பு தெரிய அருகில் ஒன்று. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு புரியும். சேதமடைந்த பழமோ இலையோ இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.