குடும்பத்தின் முதற் படகு

கடலோரத்தில் வாழும் குடும்பமொன்று, ஓய்வு நாளில் நீர்மேற் சென்று காற்று வாங்கி மீள்வதற்கெனத் தனக்கொரு படகு வேண்டுமென எண்ணுவது இயல்பே. காணி வாங்குவோர் உறுதியைப் பார்க்கின்றனர். மாடு வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்க்கின்றனர். ஆனால், முதன்முதலாகப் படகு வாங்குவோரிற் பலர் அதன் நிறத்தையும் வேகத்தையுமே பார்க்கின்றனர். படகின் தகுதி அது புறப்படும்போது தெரிவதன்று, திரும்பும்போதே தெரிவது. காலையிற் கண்ணாடி போற் கிடந்த நீர் பிற்பகலில் நுரைத்தெழுகின்றது, இயந்திரம் நின்றுவிடுகின்றது, உள்ளே சிறுவர் இருக்கின்றனர். அவ்வேளையில் இப்படகு என்ன செய்யும்? வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முதலில் நீர்ப்பரப்பை அறிதல் வேண்டும். ஒரு குடாவுக்கு ஏற்ற படகு மற்றொரு குடாவுக்கு ஏற்றதாகாது. எடுத்துக்காட்டாக, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை நோக்குவோம். வடக்கே கோணேசர் மலையும் துறைமுகக் குன்றுகளும், தெற்கே மூதூர்க் கரையும் சூழ, கிழக்கே வங்காள விரிகுடாவை நோக்கி வாய் திறந்து கிடப்பது இக்குடா. 1659ஆம் ஆண்டிற் புயலில் பாய்மரம் முறிந்த கப்பலொன்று, அதனைச் செப்பனிடுதற்கு நாடி வந்த இடமும் இதுவே. அக்கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் பின்னர்க் கண்டி மன்னரின் கைதியானமை வரலாறு. குடாவின் வடபுறத்தே குன்றுகளுக்கிடையில் உட்துறைமுகம் அமைந்துளது. பெருங்காற்றுக் காலத்திலும் ஓரளவு அமைதி காணும் நீர் அது. ஆயினும், அங்குக் கடற்படைக்குரிய பகுதிகளும் கப்பல் செல்லும் வழியும் உள ஆதலின், எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்பதை முன்னரே கேட்டறிதல் கடமையாகும்.

இக்குடாவிற் காற்றின் போக்கு இரு வகைப்படும். வாடைக்காற்று வீசும் மாரியில், விரிகுடாவின் அலைகள் குடாவின் வாயை நோக்கி நேரே வருகின்றன. கீழ்க்கரையை நாடி வரும் புயல்களும் பெரும்பாலும் நவம்பர், டிசெம்பர் மாதங்களிலேயே வருவன. 1964 டிசெம்பரில் இப்பகுதியைச் சூறாவளி தாக்கியது. இம்மாதங்களிற் குடும்பப் படகு கரையேறிக் கிடப்பதே நன்று. மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை வேறு. அப்போது சோளகமும் கச்சானும் நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகின்றன. கரையை அடுத்த நீர் அசைவின்றிக் கிடக்கும். இவ்வமைதியே புதியவரை ஏமாற்றுவது. கரையை விட்டு அகல அகல அலை பெருகும். இயந்திரம் நின்ற படகு கரைக்கு வாராது, வெளிக்கடலை நோக்கியே மிதந்து செல்லும். வாடையில் அபாயம் கண்ணுக்குத் தெரிகின்றது. சோளகத்தில் அது மறைந்து நிற்கின்றது.

காற்றுக்கு அடுத்தது ஆழம். இக்குடாவின் அடியில், வெளிக்கடலின் ஆழ்பள்ளத்தாக்கொன்று கரையை நோக்கி ஊடுருவி வந்துளது. ஆகவே, நெடுந்தூரம் செல்லாமலே நீர் மிக ஆழமாகிவிடுகின்றது. நங்கூரம் நன்கு பற்ற வேண்டுமாயின், நீரின் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளமான கயிறு விடல் வேண்டும். சிறுபடகில் அத்துணைக் கயிறு இராத இடத்தில், நங்கூரம் இருந்தும் பயன் இல்லை. தென்புறத்திலோ நிலைமை நேர்மாறானது. மகாவலி கொணரும் மணலும் சேறும் படிந்து அங்கே நீர் மேடுதட்டி நிற்கும். அலைகள் அம்மேடுகளில் உடையும். ஆழமறியாமற் காலை இடாதே என்னும் பழமொழி படகுக்கும் பொருந்துவதே. ஆழ்நீரிற் கைகொடுக்கத் தண்டும், மேட்டுநீரில் தட்டாத அடியும் உடைய படகே இங்கு வேண்டப்படுவது.

இனி, படகின் வகைகளைக் காண்போம். உல்லாசப் பயணத்துக்குரிய சிறுபடகுகள் தண்டு வலிக்கும் படகு, பாய்ப்படகு, இயந்திரப் படகு என மூன்றாகும். தண்டுப் படகு விலையிற் குறைந்தது, பழுதும் குறைவு. எனினும், எதிர்காற்றில் ஒரு குடும்பத்தின் பாரத்தை இழுத்து வருவது இருவரின் தோளுக்கு மிகையான வேலை. பாய்ப்படகு கடலைக் கற்பிக்கும் நல்லாசான். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்க்கென வடிவமைத்த ஒப்ரிமிஸ்ற் என்னும் எட்டடிப் படகிலேயே இன்றும் பல நாட்டுச் சிறுவர் பாய்விடப் பழகுகின்றனர். 1962இல் இலண்டன் நாளிதழொன்றின் ஆதரவில் வடிவமைக்கப்பட்ட மிரர் என்னும் படகு, ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியாற் பிணைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடி நார்ப்பட்டை ஒட்டி, வீட்டிலேயே செய்துகொள்ளத் தக்கதாக அமைந்தது. பாய் விரிக்கவும், தண்டு வலிக்கவும், சிறு இயந்திரம் பூட்டவும் அதில் இடமுண்டு. ஆயினும் அதன் நீளம் பதினொரு அடிக்குச் சற்றுக் குறைவு. பாய்விடக் கற்பதற்கு அது மிக நன்று. பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் ஒருங்கே குடாவைக் கடப்பதற்கு அன்று. இக்காரணத்தாற் பெரும்பாலான குடும்பங்கள் நாடுவது, பின்பலகையில் வெளிப்புறமாக இயந்திரம் பூட்டிய திறந்த படகையே.

அத்தகைய படகில் முதலில் நோக்கற்பாலது அடிப்பாகத்தின் வடிவம். தட்டையான அடியுடைய படகு நின்ற நிலையில் ஆடாது, மேட்டுநீரிலும் செல்லும், சிறிய இயந்திரமே அதற்குப் போதும். ஆனால், அலையில் ஓடும்போது அடி நீரில் அறைந்து, உள்ளிருப்போரின் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். ஆப்புப்போற் கூர்ந்து சரிந்த அடியுடைய படகு அலையைப் பிளந்து மெதுவாகச் செல்லும். ஆனால், நிற்கும்போது இருபுறமும் உருளும், எரிபொருளும் மிகுதியாகக் கொள்ளும். ஆகவே, அணியத்திற் கூர்மையும், பிற்புறத்தில் ஓரளவே சரிவும் உடைய நடுத்தர வடிவமே குடும்பத்துக்கு உகந்தது. சிறுவர் நீரிலிருந்து ஏறும்போதும் தூண்டில் போடும்போதும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வர். அப்போது சாயாது நிற்கும் அகலம் படகுக்கு வேண்டும். மீனவரின் வள்ளம் உறுதியானதே. எனினும், அது வலையையும் மீனையும் ஏற்றுதற்கும் அலையுடைக்கும் கரையினின்று இறங்குதற்கும் அமைந்தது. முதியவரும் குழந்தையும் அமர்ந்து செல்லுதற்கு அமைந்தது அன்று.

அடுத்தது அளவு. இருபது அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் எளிய கணக்கொன்று உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து, ஒன்றையொன்றாற் பெருக்கி, பதினைந்தால் வகுக்க வேண்டும். பதினான்கு அடி நீளமும் ஐந்தடி அகலமும் உடைய படகுக்கு எழுபதைப் பதினைந்தால் வகுத்தால் நால்வர். மிச்சத்தை ஓர் ஆளாகக் கொள்ளலாகாது. பதினாறடி நீளமும் ஆறடி அகலமுமாயின் அறுவர். இதுவும் அமைதியான நீருக்குரிய கணக்கே. அலையுள்ள நாளில் இன்னும் குறைத்தல் வேண்டும். படகை ஆக்கியோர் ஆட்தொகையையும் பாரத்தையும் குறித்துத் தகடு பொறித்திருப்பின், அதுவே முடிவானது. எல்லோரும் ஏறியமர்ந்த பின்னர், நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு ஏறத்தாழ ஒரு முழமேனும் நிற்கின்றதா என்று பார்த்தலும் நல்ல சோதனையாகும்.

இக்கணக்கு வீண் அச்சத்தாற் பிறந்தது அன்று. 2021 நவம்பரில், இதே குடாவை அடுத்த கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அஃது உல்லாசப் பயணமன்று. நாள்தோறும் கடக்கும் குறுகிய நீர்வழி. கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பது காப்பாகாது என்பதை அத்துயரம் உணர்த்திற்று. “இன்னும் ஒருவர்தானே” என்னும் சொல்லே படகில் ஏறும் மிகப் பெரிய பாரம்.

கவிழ்ந்தாலும் நீர் நிறைந்தாலும் படகு மிதக்க வேண்டும். மரம் தானே மிதக்கும். கண்ணாடி நாராலான படகோ, உள்ளே காற்றறையோ இறுகிய நுரைப்பொருளோ இல்லாவிடின், இயந்திரத்தின் பாரத்தோடு அமிழ்ந்துபோகும். 1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பொஸ்ரன் வேலர் என்னும் பதின்மூன்றடிப் படகின் இரு ஓடுகளுக்கும் இடையே நுரைப்பொருள் நிரப்பப்பட்டிருந்தது. 1961இல் அதனை ஆக்கியவர் படகில் அமர்ந்திருக்கையிலேயே அதனை வாளால் இரண்டாக அறுக்கச் செய்து, இயந்திரம் பூட்டிய பாதியிற் சென்று காட்டினார். ஏனையோர் இவ்வாறு சோதித்தல் இயலாது. ஆயினும், “நீர் நிறைந்தால் இது மிதக்குமா? மிதக்கச் செய்வது எது? எங்கேயுளது?” என்று விற்பவரிடம் கேட்கலாம். தெளிவான விடை கிடைக்காத படகைக் குடும்பத்துக்கு வாங்கலாகாது. மிதக்கும் படகாயின், கவிழ்ந்த பின்னரும் எல்லோரும் அதனைப் பற்றியபடி இருத்தல் வேண்டும். கரைக்கு நீந்த முயன்றோரே பெரும்பாலும் மாள்கின்றனர்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, வேகத்தை விட நம்பகமே பெரிது. பதினாலு, பதினைந்து அடிப் படகுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து குதிரைவலு போதுமானது. மிகையான வலு, மிகையான பாரமும் ஆகும். பின்பலகை தாழ்ந்து, பின்னால் வரும் அலை உள்ளே புகும். நகரில் விற்பனை செய்வோர் பாராட்டும் இயந்திரத்தை விட, உள்ளூர் மீனவர் பயன்படுத்துவதும், உதிரிப்பாகம் கிடைப்பதும், திருத்துவோர் அண்மையில் இருப்பதுமான இயந்திரமே சிறந்தது. எரிபொருளை மூன்றாகப் பங்கிடல் வேண்டும்: ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, எஞ்சிய பங்கு எதிர்பாராததற்கு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இயந்திரத்தை உடனே நிறுத்தும் கயிற்றைத் தம் உடலிற் பூட்டியே ஓட்டல் வேண்டும்.

பழைய படகை வாங்குவோர் பின்பலகையையே முதலிற் சோதித்தல் நன்று. இயந்திரத்தின் முழுப்பாரத்தையும் உந்துதலையும் தாங்குவது அதுவே. கண்ணாடி நார்ப் படகுகள் பலவற்றில் அதனுள்ளே மரப்பலகை இருக்கும். ஆணித்துளை வழியாக நீர் புகுந்து அது உளுத்துப்போகும். வெளியே பூசிய நிறம் அதனை மறைக்கும். சிறு மரச்சுத்தியலால் தட்டினால், நல்ல பலகை கணீரென ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். மரப்படகாயின் கடற்புழு துளைத்த இடங்களைத் தேட வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்த இயந்திரம் தன் நோயைச் சொல்லாது. குளிர்விக்கும் நீர் தடையின்றிப் பீச்சுகின்றதா என்றும் காணல் வேண்டும். அலையுள்ள பிற்பகலொன்றில், குடும்பத்தார் தொகைக்கு நிகரான பாரத்தோடு ஓட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுதல் அறிவுடைமை.

விலை என்பது படகின் விலை மட்டும் அன்று. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, சிறுவருக்கு அவரவர் உடற்பாரத்துக்கேற்ற அங்கி, தண்டுகள், நங்கூரமும் கயிறும், நீர் இறைக்கும் வாளி, ஒலியெழுப்பும் ஊதல், கைவிளக்கு, குடிநீர் ஆகியனவும் படகின் உறுப்புகளே. கையிலுள்ள பணம் இவையனைத்துக்கும் போதாதெனின், சிறிய படகை வாங்கி இவற்றை நிறைவாக வாங்குவதே முறை. பயன்படுத்திய பின்னர் ஒவ்வொரு முறையும் நன்னீரால் இயந்திரத்தை உட்புறம் கழுவும் உழைப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இவ்வுழைப்புக்கு உடன்படாத வீட்டிற் படகு இரண்டு ஆண்டுகளில் முற்றத்துச் சுமையாகிவிடும்.

வாங்கிய முதலாண்டில் உட்துறைமுகமும் கரையோரமுமே பள்ளிக்கூடமாக இருத்தல் நலம். குடாவில் நாளும் தொழில் செய்யும் மீனவரிடம் காற்றையும் கற்பாரையும் கேட்டறிதல் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கென விடுக்கும் அறிவித்தலைக் கேட்டபின்னரே படகை அவிழ்த்தல் வேண்டும். செல்லும் இடத்தையும் மீளும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்லல் வேண்டும். இத்துணை ஆராய்ச்சியும் கடல் இன்பத்தைக் குறைப்பதற்காக அன்று. மாலை வெயிலில் குன்றுகள் பொன்னிறம் பூண, குடும்பமாக நீர்மேல் மிதக்கும் இன்பம் பெரிதே. அவ்வின்பத்தை மீண்டும் மீண்டும் நுகர வேண்டுமாயின், ஒவ்வொரு முறையும் எல்லோரும் கரைக்கு மீளல் வேண்டும். வீட்டிலுள்ள மிக இளைய பிள்ளையை அச்சமின்றி ஏற்றிச் சென்று, அச்சமின்றி இறக்கிவிடத் தக்க படகே குடும்பத்தின் முதற் படகாதற்கு உரியது.