கையொப்பம் மட்டும் போதுமா?

போர்க்கருவிகளை ஒழிக்கும் உடன்படிக்கைகளில் நாடுகள் கையொப்பமிடும் செய்தியை நாளிதழ்களில் படித்து நாம் மகிழ்கிறோம். ஆனால் உடன்படிக்கை கட்டுப்படுத்துவது அரசுகளை மட்டுமே. தனிமனிதனைக் கட்டுப்படுத்துவது அவன் வாழும் நாட்டின் சட்டமே. இவ்வுண்மையை ஜப்பான் நாட்டின் துயர அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

1993 ஜனவரியில் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையில் ஜப்பான் கையொப்பமிட்டது. ஆயினும் அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டம் உடனே இயற்றப்படவில்லை. 1994 ஜூன் 27ஆம் நாள் இரவு, மத்சுமோட்டோ நகரில் ஓம் ஷின்ரிக்கியோ என்னும் இயக்கத்தார் சாரின் என்ற நச்சுப் பொருளைப் பரப்பி மக்களைக் கொன்றனர். கொலை அங்கே குற்றந்தான். ஆனால் சாரினைத் தயாரிப்பதையே குற்றமெனக் கூறும் சட்டம் அன்று இல்லை. 1995 மார்ச் 20ஆம் நாள் டோக்கியோவின் சுரங்க இரயில்களில் அதே நஞ்சு மீண்டும் உயிர்களைப் பறித்தது; ஆயிரக்கணக்கானோர் பாதிப்புற்றனர். அடுத்த மாதமே ஜப்பானில் அதற்கான சட்டங்கள் பிறந்தன. செப்டம்பரில் அந்நாடு உடன்படிக்கையை முறைப்படி ஏற்று உறுதி செய்தது.

அவ்வுடன்படிக்கையின் ஏழாம் பிரிவு இதைத்தான் வலியுறுத்துகிறது. தடை செய்யப்பட்ட செயல்களை ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். தன் குடிமக்கள் வெளிநாட்டில் செய்தாலும் தண்டிக்க வழி வகுக்க வேண்டும். இவற்றைக் கவனிக்கத் தேசிய அதிகார அமைப்பொன்றை நிறுவ வேண்டும்.

தண்டனை மட்டும் போதாது. பேனா மையிலும் சாயத் தொழிலிலும் பயன்படும் தயோடைகிளைக்கால் என்னும் பொருளிலிருந்தே கடுகு வாயு என்னும் கொடிய நஞ்சையும் உண்டாக்கலாம். எனவே எந்த ஆலை எவ்வளவு தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது என்னும் கணக்கு அரசுக்கு வந்து சேர வேண்டும். தனியார் ஆலையின் கதவைச் சோதனையாளருக்குத் திறந்துவிடுவதும் உள்நாட்டுச் சட்டத்தின் வேலையே.

நம் இந்தியா 1996இல் இவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. 1997 ஏப்ரல் 29 முதல் அது உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. நமது பாராளுமன்றம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் 2005 ஜூலை முதல் நாளன்றுதான் செயலுக்கு வந்தது. வாக்குறுதிக்கும் சட்டத்திற்கும் இடையே இத்தகைய இடைவெளி எந்த நாட்டிலும் ஏற்படலாம்.

ஆகவே, ஒரு நாடு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது என்று கேள்விப்படும்போது நாம் அத்துடன் நிறைவடைந்துவிடலாகாது. அதற்குரிய சட்டம் எங்கே, அதை நடத்துவோர் யாவர் என்று கேட்பது குடிமக்களாகிய நம் கடமையாகும்.